பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை: கெட்சம் மலையூரில் ஹெமிங்வேயின் கடைசி வீடு

எட்ட நின்று பார்த்தால் அது மரவீடு. பலகையின் ரேகை தெரியும், கணு தெரியும், நிறமும் மரத்தின் பழுப்புதான். கிட்டே போய்க் கை வைத்தால் கான்கிரீட். இழைக்காத பலகைகளைச் சென்ட்ரிங் அடித்து, உள்ளே கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் பலகையைக் கழற்றினால் மரத்தின் ரேகை சுவரில் அப்படியே பதிந்துவிடும். மேலே அமிலச் சாயம் ஏற்றினால் மரமேதான். பக்கத்தில் உள்ள சன் வேலி லாட்ஜ் 1936-இல் இந்த முறையில் கட்டப்பட்டது. 1953-இல் பாப் டாப்பிங் என்பவர் பிக் வுட் ஆற்றை ஒட்டிய மேட்டில் தன் வீட்டையும் அப்படியே கட்டிக்கொண்டார். 1959-இல் அதை 50,000 டாலருக்கு வாங்கியவர் எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே.

கெட்சம், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை மூவாயிரத்து ஐந்நூறைச் சுற்றித்தான். 1939-இல் சன் வேலி விடுதிக்காரர்கள் பிரபலங்களை அழைத்து விளம்பரம் தேடியபோது ஹெமிங்வே முதல்முறை இங்கே வந்தார். லாட்ஜின் 206-ஆம் அறையில் தங்கி, ஸ்பெயின் உள்நாட்டுப் போரை வைத்து எழுதிக்கொண்டிருந்த நாவலைத் தொடர்ந்தார். சொந்த வீடு அவர் கையில் இருந்தது இரண்டு ஆண்டு சொச்சம், வாழ்ந்தது அதிலும் விட்டுவிட்டு. 1961 ஜூலை 2 அன்று அந்த வீட்டில்தான் தன்னைச் சுட்டுக்கொண்டு இறந்தார். ‘கடலும் கிழவனும்’ வழியாக அவரை அறிந்த தமிழ் வாசகர்கள் அவரைக் கியூபாவோடு சேர்த்தே நினைப்பார்கள். அவர் கல்லறை இருப்பதோ இந்த மலையூரில்.

அவருடைய மனைவி மேரி வீட்டைக் கைவிடவில்லை. 1986-இல் மேரி இறந்தபோது, வீடும் அதைச் சுற்றிய சுமார் 14 ஏக்கர் நிலமும் உயில்படி ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குப் போயின. எழுத்தாளர் வீடு எதற்கு ஆற்றையும் காட்டையும் காக்கிற அமைப்பிடம் போனது என்று கேட்கலாம். பக்கத்துச் சில்வர் கிரீக் ஓடையை 1976-இல் காப்பிடமாக்கியது இதே அமைப்புதான். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களில் ஒருவர் ஹெமிங்வேயின் மூத்த மகன் ஜாக். நிலத்தைக் காப்பதில் அந்த அமைப்புக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலிக்கும் புத்தகத்துக்கும் வேட்டையாடிப் பதப்படுத்திய விலங்குத் தலைக்கும் வேறு வகை ஆட்கள் வேண்டும். 2017-இல் வீடு ஊரின் கம்யூனிட்டி லைப்ரரியின் கைக்கு மாறியது. 1955-இல் பதினேழு பெண்கள் சேர்ந்து தொடங்கிய நூலகம் அது. அரசு வரிப்பணத்தில் நடப்பதல்ல. ‘கோல்ட் மைன்’ என்ற பழைய பொருள் கடையின் வருமானமும் நன்கொடையும்தான் அதைத் தாங்குகின்றன.

நூலகம் வீட்டைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடவில்லை. டிக்கெட் கிடையாது, கைடு கிடையாது. தூரதேசத்திலிருந்து வருகிற வாசகருக்கு இது வருத்தம்தான், அந்த வருத்தம் நியாயமானதும்கூட. ஆனாலும் எடுத்த முடிவு சரி. ஏன் சரி என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

குடியிருப்பு வீட்டின் தளத்தை அமெரிக்காவில் சதுர அடிக்கு 40 பவுண்டு பாரம் தாங்கும்படி கட்டுவார்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 195 கிலோ. மக்கள் கூடும் இடமென்றால் அது 100 பவுண்டு, அதாவது 488 கிலோ. வீட்டை மியூசியமாக்கினால் தளத்துக்கு அடியில் புது உத்தரம் கொடுக்க வேண்டும். மாடிக்கு இரண்டாவது வழி வேண்டும். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்க வேண்டும். வாசல் இரண்டடி உயரத்தில் இருந்தால் 24 அடி நீளச் சாய்தளம், நடுவே திரும்புமிடம் தனி. அதோடு கார் நிறுத்த இடம், பொதுக் கழிப்பறை, வெளியேறும் வழிக்கு விளக்கு. 2,500 சதுர அடி வீட்டில் இவ்வளவையும் செய்து முடித்தால், பார்க்க வருபவர் பார்ப்பது ஹெமிங்வே வாழ்ந்த வீட்டையா, நம்முடைய கட்டுமான வேலையையா?

மூச்சுக்கும் கணக்கு உண்டு. சும்மா நிற்கிற ஒரு மனிதர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியையும் 100 வாட் வெப்பத்தையும் வெளிவிடுகிறார். 25 பேர் கொண்ட குழு என்றால் மணிக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். 20 டிகிரியில் 100 கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய மொத்த ஈரமே 1.7 கிலோதான். குழு உள்ளே வந்ததும் அறையின் ஈரப்பதம் குபீரென்று ஏறும், வெளியே போனதும் இறங்கும். நாளுக்குப் பத்து முறை இப்படி ஏறி இறங்கினால் மரச் சாமானின் ஒட்டுப்பலகை உரிந்து வரும், புத்தக அட்டை வளையும், தோலின் தையல் பிரியும். இதெல்லாம் ஒரு நாளில் தெரியாது. பத்து வருடத்தில் தெரியும்.

அக்கம்பக்கத்தாரையும் ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்குப் போகும் வழி குடியிருப்புத் தெரு. 2000-களின் நடுவில் பொதுமக்களுக்குத் திறக்கும் யோசனை எழுந்தபோது எதிர்ப்பு வந்தது இந்தத் தெருவிலிருந்துதான். பேருந்து திரும்ப இடமில்லாத தெருவில் பேருந்தைக் கொண்டுவருவதை யாரும் எதிர்க்கத்தான் செய்வார்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒருவர் தன்னை மாய்த்துக்கொண்ட இடத்தைச் சுற்றுலா வழியின் முதல் நிறுத்தமாக்குவது தகாது. எத்தனை கண்ணியமான கைடு வந்தாலும் எல்லாரும் கேட்கப்போகும் முதல் கேள்வி எது என்பது நமக்கே தெரியும்.

ஹெமிங்வேயின் மற்ற இரு வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் வீடு 1964 முதல் தனியார் மியூசியம். தினமும் சுற்றுலா, திருமண விழாக்கள், ஆறு விரல் பூனைகள். அந்த வீடு தன் வருமானத்தில் தானே நிற்கிறது. ஆனால் அதற்குத் தேவையான கூட்டம் கெட்சத்தில் கிடையாது. ஹவானாவுக்கு வெளியே உள்ள ஃபிங்கா விஹியா வீட்டை மேரி கியூபாவிடம் விட்டுவந்தார். அங்கே வருபவர்கள் உள்ளே நுழைய முடியாது. திறந்த சன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் எட்டிப் பார்க்கலாம். ஏறத்தாழ 9,000 புத்தகங்கள் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. கால்களும் கைகளும் படாமல் காக்க அருமையான வழி. ஆனால் திறந்த சன்னல் வெப்பமண்டல ஈரத்தையும் தூசியையும் உள்ளே விடும், மழை வந்தால் அடைத்தாக வேண்டும். 2005-இல் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் முதன்முறையாகத் தன் நாட்டுக்கு வெளியே உள்ள ஓர் இடத்தைச் சேர்த்தது. அது இந்த வீடுதான். எட்டிப் பார்க்க வைக்கும் முறையைக் கெட்சத்தில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சனவரியில் சன்னலைத் திறந்து வைத்தால் குழாய் உறைந்துவிடும்.

திறக்கவில்லை என்பதற்காகப் பூட்டிப் போட்டுவிடவும் முடியாது. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று நம் ஊரில் சொல்வது மலையூருக்கு இரண்டு மடங்கு பொருந்தும். மைனஸ் 20 டிகிரி இரவில் ஹீட்டர் நின்றுவிட்டால் ஓரிரு நாளில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயில் தண்ணீர் உறையும். உறையும்போது தண்ணீரின் கன அளவு 9 சதவீதம் கூடும், குழாய் வெடிக்கும். அப்போது ஒரு சொட்டும் ஒழுகாது. உருகத் தொடங்கியதும்தான் மாடியிலிருந்து கீழ்த்தளம் முழுக்கக் கொட்டும். பூட்டிய வீட்டில் அதைக் கண்டுபிடிப்பதற்குள் வாரம் போய்விடும். அதனால்தான் நூலகம் வீட்டின் ஒரு பகுதியைத் தங்குமிடமாக்கி, எழுத்தாளர்களையும் ஆய்வாளர்களையும் சில வாரங்கள் தங்கி எழுத வரவேற்கிறது. இலக்கியக் காரணம் எல்லாருக்கும் புரியும். வீட்டுக் காரணமும் அதே அளவு முக்கியம்: குழாய் சொட்டுகிறதா, எலி ஓடுகிறதா, கருகல் வாடை வருகிறதா என்று பார்க்க உள்ளே ஒரு மூச்சு இருக்கிறது. ஆள் இல்லாத வாரங்களில் பிரதான வால்வை மூடிக் குழாயை வடிப்பதும், வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போனில் எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம்.

குளிர்கால ஈரப்பதத்தில்தான் நல்லெண்ணம் உள்ளவர்களும் தவறு செய்கிறார்கள். வெளியே மைனஸ் 10 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அந்தக் காற்றில் கனமீட்டருக்கு இரண்டு கிராம் ஈரம்கூட இருக்காது. அதையே உள்ளே 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்துக்கு விழுந்துவிடும். மரம் வெடிக்கும், புத்தகத்தின் பசை உதிரும். உடனே ஒரு ஈரமூட்டும் இயந்திரத்தை வாங்கி, மியூசியக் கையேடுகளில் போட்டிருக்கிற 50 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கேதான் வினை. 20 டிகிரி, 50 சதவீதக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 9 டிகிரி. சன்னல் கண்ணாடியோ சுவரின் உட்புறமோ 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடத்திலெல்லாம் தண்ணீர் படியும். கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடலாம். சுவருக்குள்ளே, காப்புப் பஞ்சுக்குப் பின்னால் படிந்தால் பூஞ்சை வந்து, உறைந்து, பூச்சு உதிர்ந்த பிறகுதான் தெரியும். சரியான வழி தலைகீழானது. ஈரத்தைக் கூட்டாமல் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். பொருள்கள் உள்ள, ஆள் தங்காத அறைகளை 10 முதல் 12 டிகிரியில் வைத்தால் அதே காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்தைச் சுற்றி நிற்கும். தேவைப்பட்டால் 30 வரை மெல்ல ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். எண் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதே முக்கியம்.

வெளிச்சமும் மலையில் வேறு மாதிரி. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடும். புதுப் பனி விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். எனவே ஆற்றைப் பார்த்த பெரிய சன்னல்கள் உள்ள வீட்டில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, கீழிருந்தும் வருகிறது. மேலே மறைப்பு இருக்கிறதே என்று அலமாரியின் அடித்தட்டில் வைத்த புத்தகத்தின் முதுகுதான் முதலில் வெளுக்கும். கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டி, ஆள் இல்லாத நேரம் திரையை முழுதும் இறக்கி, துணிக்கும் காகிதத்துக்கும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். படலத்தை வாங்கும்போது வெப்பத்தை உறிஞ்சும் கருநிற வகையைத் தவிர்ப்பது நல்லது. உறையும் குளிரில் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கிற பழைய கண்ணாடி அந்த வெப்பத்தில் விரிசல் விடும்.

இனி அந்தக் கான்கிரீட்டுக்கு வருவோம். இந்த வீட்டின் முகமே அதுதான். அழுக்கு என்று சொல்லி உயரழுத்தத் தண்ணீர் அடித்தால் மர ரேகை போய்விடும், போனால் திரும்ப வராது. வெடிப்பு என்று சொல்லி ரப்பர் மாதிரியான பெயிண்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே உறைந்து, பூச்சோடு கான்கிரீட்டின் மேல்தோலையும் உரித்துக்கொண்டு வரும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூரையோரத் தகர வாய்க்கால் அடைத்திருக்கும், அல்லது சுவரடியில் மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கும். அடுத்து கம்பியின் நிலை. சிறு துண்டு உடைத்து, புது முறிவின் மேல் பினாப்தலீன் கரைசல் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாகும். காற்றிலுள்ள கரியமில வாயு உறிஞ்சிக் காரத்தன்மை போன பகுதி நிறம் மாறாது. அந்த நிறமற்ற பட்டை எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று அளந்து, கம்பி அதற்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்த்தால் துருப்பிடிக்கும் ஆபத்து தெரிந்துவிடும்.

ஒட்டு வேலையில் கை பழகிய கொத்தனாருக்கும் தவறு நடப்பது ஓரத்தில். உடைந்த இடத்தை ஓரம் மெலிந்துபோகும்படி பூசினால் அந்த மெல்லிய ஓரம் முதல் குளிர்காலத்திலேயே செதிலாக உதிரும். சுற்றிலும் குறைந்தது 12 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக வெட்டி, பழைய கலவையின் மணல் நிறத்துக்குப் பொருந்தும் கலவையை நிரப்பி, இறுகுமுன் இழைக்காத பலகைத் துண்டை அழுத்தி ரேகை பதிக்க வேண்டும். சாயத்தைக் கண்ணில் படாத இடத்தில் சோதித்து, ஒரு குளிர்காலம் கழித்துப் பார்த்த பிறகே முன்சுவரில் கை வைக்கலாம். வேலை மெதுவாக நடக்கும், செலவும் கூடும். வேறு வழியில்லை.

கூரையில் பனி. 60 சென்டிமீட்டர் படிந்து இறுகிய பனி சதுர மீட்டருக்கு 180 கிலோ வரை இருக்கும். எடையைவிடத் தொல்லை பனி அணை. உள்ளிருந்து கசியும் சூட்டில் பனியின் அடி உருகி, கூரையின் குளிர்ந்த ஓரத்துக்கு வந்து மறுபடி உறைந்து கட்டையாகும். பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைத் தகட்டுக்கு அடியில் ஏறி உட்கூரையில் கறையாக இறங்கும். பனிக்கட்டியைக் கோடரியால் கொத்துவது கூரைக்குத்தான் காயம். உட்கூரையில் காற்று கசியும் ஓட்டைகளை அடைத்து, காப்பைக் கூட்டுவதே தீர்வு.

காட்டுத்தீ இந்த ஊருக்குக் கதையல்ல. 2007 ஆகஸ்டில் காசில் ராக் தீ 48,000 ஏக்கரை எரித்தபடி கெட்சத்தின் விளிம்புக்கு வந்தது. 2013-இல் பீவர் கிரீக் தீ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரித்தது. வீடுகள் பெரும்பாலும் தீச்சுவாலையால் எரிவதில்லை, பறந்துவரும் கங்குகளால் எரிகின்றன. கான்கிரீட் சுவருக்கு இது பெரிய பலம். ஆனால் கங்கு சுவரைத் தேடுவதில்லை. கூரை மடிப்பில் கிடக்கும் ஊசியிலைச் சருகையும், காற்றுத் துவாரத்தையும், வாசல் பலகையின் அடியையும் தேடும். சுவரிலிருந்து ஐந்தடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. விறகு 30 அடி தள்ளி. துவாரத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கம்பி வலை. முதல் கால் மணி நேரத்தில் எடுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலும், ஒருவரே தூக்கக்கூடிய 15 கிலோவுக்கு மிகாத பெட்டிகளும் ஜூலைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். தீ வராவிட்டாலும் புகை வரும். துணியில் படிந்த கரியை ஈரத்துணியால் துடைத்தால் கறை நிரந்தரமாகிவிடும். முதலில் வாக்குவம் கிளீனரால் மெல்ல உறிஞ்சி, பிறகு உலர் ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்ற வேண்டும்.

வேட்டைத் தலைகளும் தோல் விரிப்புகளும் உள்ள வீட்டில் தோலையும் ரோமத்தையும் அரிக்கும் வண்டும் துணிப் பூச்சியும் வராமல் இருக்காது. பழைய பதப்படுத்தல்களில் ஆர்சனிக் இருந்திருக்கலாம் என்பதால் சோதிக்குமுன் வெறுங்கையால் தொடக் கூடாது. பூச்சி கண்ட பொருளைப் பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 30 டிகிரியில் மூன்று நாள் வைத்தால் முட்டையும் சாகும். மைனஸ் 20 என்றால் ஒரு வாரத்துக்குக் குறையக் கூடாது. வெளியே எடுத்ததும் ஆவலில் பையைப் பிரிப்பவர்கள் உண்டு. அறை வெப்பத்துக்கு வர முழு ஒரு நாள் பையிலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த ரோமத்தின் மேல் தண்ணீர் முத்துமுத்தாகப் படியும். வெளியே மைனஸ் 20 தானே, தாழ்வாரத்தில் வைத்தால் போதாதா என்றால் போதாது. பகலில் வெயில் பட்டால் பூச்சி மெல்லக் குளிருக்குப் பழகித் தப்பிவிடும். எலிப் புழுக்கையையும் சாதாரணமாகப் பெருக்கக் கூடாது. இந்தப் பக்கத்து மான்நிற எலிகள் ஹன்டா வைரஸைச் சுமப்பவை. கதவைத் திறந்து அரை மணி காற்றாட விட்டு, பத்துக்கு ஒன்று பிளீச்சிங் கரைசலில் ஐந்து நிமிடம் நனைத்து, பிறகே துடைக்க வேண்டும்.

எந்த வருடத்து வீட்டைக் காப்பது என்பது இதைவிடக் கடினம். 1961-ஆம் ஆண்டு ஜூலையில் நிறுத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2015-இல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறிய பெயர் ‘எர்னெஸ்ட் மற்றும் மேரி ஹெமிங்வே வீடு’. அவர் இரண்டு ஆண்டு வைத்திருந்த வீட்டை மேரி அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டு வைத்திருந்தார். மேரியின் திரைச்சீலையையும் நாற்காலியையும் அகற்றி ‘அசல்’ நிலைக்குக் கொண்டுபோகிறோம் என்றால், இந்த வீட்டைக் காத்து நம்மிடம் கொடுத்தவரை வெளியேற்றுகிறோம். எனவே எதையும் நகர்த்துமுன் ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து, வரைபடத்தில் இடம் குறித்து, எண் கொடுக்க வேண்டும். 2017.3.41 என்றால் 2017-இல் வந்த மூன்றாவது தொகுதியின் 41-ஆவது பொருள். மரத்திலும் பீங்கானிலும் நேரே எழுதாமல் பாரலாய்டு பி-72 என்ற பிசின் படலம் பூசி அதன்மேல் எழுதுவார்கள், வேண்டும்போது அழிக்கலாம். காகிதத்தில் பென்சில் மட்டுமே.

சட்டத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தேசியப் பதிவேட்டில் ஏறிவிட்டால் வீட்டை இடிக்க முடியாது என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் தனியார் தன் சொந்தப் பணத்தில் இடிப்பதை அந்தப் பதிவு மட்டும் தடுக்காது. நிலத்தின் பத்திரத்தோடு ஒட்டி, அடுத்தடுத்த உரிமையாளர்களையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம்தான் தடுக்கும். பனிச்சறுக்கு ஊரில் ஆற்றோரம் 14 ஏக்கர் என்றால் எத்தனை மாளிகை எழும்பும் என்று யோசித்துப் பாருங்கள். பணமும் அப்படித்தான். கட்டடத்தின் மறுகட்டுமான மதிப்பில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கே ஒதுக்க வேண்டும். வைப்புநிதியிலிருந்து 4 சதவீதம் எடுப்பதாக வைத்தால், ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் செலவுக்கு 25 லட்சம் டாலர் நிதி வேண்டும். கூரை மாற்றத் தருவதற்கு நன்கொடையாளர் கிடைப்பார்; தகர வாய்க்காலில் சருகு அள்ளத் தருபவர் கிடைப்பதில்லை.

வாசகருக்கு என்ன மிச்சம் என்றால், நிறைய. கையெழுத்துப் பிரதிகள் மேரியின் கொடையாகப் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஹெமிங்வே அறை 1980-இல் திறக்கப்பட்டது. கெட்சத்தில் நூலகம் 2023-இல் திறந்த ஊர் மியூசியத்தில் வீட்டிலிருந்து வந்த பொருள்களைப் பார்க்கலாம். செப்டம்பரில் நூலகம் நடத்தும் கருத்தரங்குக்கும் போகலாம். டிரெயில் கிரீக் ஓடைக்கரையில் 1966-இல் வைத்த மார்பளவுச் சிலை இருக்கிறது. அதன் கீழே இருப்பவை, 1939-இல் வேட்டையில் இறந்த நண்பர் ஒருவருக்காக ஹெமிங்வே எழுதிய இரங்கல் வரிகள்.

ஊர்க் கல்லறையில் தரையோடு கிடக்கும் அவருடைய நீளக் கல்லின் மேல் வருபவர்கள் நாணயமும் பேனாவும் சாராயப் புட்டியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால் செம்பு நாணயம் பனியில் நனைந்தால் கல்லில் பச்சைக் கறை இறங்கும், பேனாவின் கிளிப் துருக்கறை விடும், புட்டி உடைந்தால் சில்லு புல்லுக்குள் போய்விடும். அக்டோபரில் முதல் பனிக்கு முன் எல்லாவற்றையும் அள்ளி, வெறும் தண்ணீரும் நைலான் பிரஷும் கொண்டு கழுவ வேண்டும். ஆசிட் பக்கமே போகக் கூடாது. வசந்தத்தில் பனி கரைந்ததும் இன்னொரு முறை.